டிஸ்சார்ஜ் தாமதம்: நர்ஸ்களிடம் பேசிய குறிப்புகளை கிரவுண்டட் தியரி முறையில் எப்படி அணுகுவது?

#1 குவாலிட்டி_சிஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறேன். எம்.எஸ்சி. நர்சிங்கில் கிரவுண்டட் தியரி (களத்தில் சேகரித்த தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் ஆய்வு முறை) பாடமாக வந்தது. அன்றாட வேலைக்கு அது பயன்படும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

டாக்டர் ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னதிலிருந்து நோயாளி வார்டை விட்டுக் கிளம்பும் வரை ஆகும் நேரம்தான் பிரச்சினை. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் கணக்கிலும் அந்த நேரம் வருகிறது, புகார்களிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. "நர்ஸ்கள் ஏன் லேட் பண்றாங்க, பேசிப் பாத்து ரிப்போர்ட் குடுங்க" என்று நிர்வாகம் சொன்னது.

பேசினேன், குறிப்பெடுத்தேன், கோடிங்கும் (பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்புப் போடுவது) செய்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகவில்லை, பார்மசி ரிட்டர்ன் (மீந்த மருந்தைத் திருப்பிக் கொடுப்பது) முடியவில்லை, இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை, பில்லிங்கில் கூட்டம். இவைதான் தலைப்புகளாக வந்தன. இதைச் சொல்ல என் பேட்டிகள் தேவையே இல்லை, வார்டு கிளார்க்கிடம் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒரே வார்டு, ஏறக்குறைய ஒரே அளவு தாமதம். சில சிஸ்டர்கள் டூட்டியில் இருக்கும்போது மட்டும் புகார் வருவதே இல்லை. இதை என் கோடிங் பிடிக்கவில்லை. எங்கே கோட்டை விடுகிறேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 லைன்_சூப்பர்வைசர்

சிஸ்டர், நான் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். எங்களிடம் இப்படி ஒன்று வந்தால் மீன்முள் படம் (காரணங்களைக் கிளை கிளையாகப் பிரித்து வரைவது) போடுவோம், ஐந்து முறை ஏன் கேட்போம், ஒரு மத்தியானத்தில் வேர் தெரிந்துவிடும். சம்மரி ஏன் லேட்? டைப்பிஸ்ட் ஒருவர்தான். ஏன் ஒருவர்? இப்படிப் போனால் போதுமே. இதற்கு ஆராய்ச்சி முறை எதற்கு என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#3 ஓய்வுபெற்ற_ஆசிரியை

நர்சிங் கல்லூரியில் ஆய்வு முறையியல் நடத்தியவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை பிறந்ததே மருத்துவமனை வார்டில்தான். 1960களின் முற்பகுதியில் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஆறு மருத்துவமனைகளில் மாதக் கணக்கில் இருந்து பார்த்தார்கள். இருந்த இடம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளி. ஜீன் குவின்ட் என்ற நர்ஸும் அந்தக் குழுவில் ஆய்வாளராக இருந்தார். சாகப்போகும் நோயாளியிடம் யார் எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நோயாளிக்கு எதுவுமே தெரியாத நிலை, அவர் சந்தேகப்படும் நிலை, இரு தரப்பும் தெரிந்தும் தெரியாததுபோல் நடக்கும் நிலை, எல்லாம் வெளிப்படையான நிலை என்று நான்கைப் பிரித்துக் காட்டினார்கள். 1965இல் அது புத்தகமாக வந்தது. அதை எப்படிச் செய்தோம் என்ற விளக்கம்தான் 1967இல் வந்த கிரவுண்டட் தியரி.

அந்த நான்கும் எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை. ஒரு வார்டில் கண்டதை அடுத்த வார்டோடு, புற்றுநோய்ப் பிரிவில் கண்டதைக் குறைப்பிரசவக் குழந்தைகள் பிரிவோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுந்தவை.

இப்போது உங்கள் விஷயம். நிர்வாகத்தின் கேள்வியையே நீங்களும் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போயிருக்கிறீர்கள். "ஏன் லேட்" என்று கேட்டால் காரணப் பட்டியல்தான் வரும். லைன் சூப்பர்வைசர் சாருக்கும் என் பதில் இதுதான்: ஐந்து ஏன் நல்ல கருவி, பிரச்சினை இன்னதென்று முடிவாகிவிட்ட இடத்தில். இங்கே அதுதான் முடிவாகவில்லை. நிர்வாகத்துக்குப் பிரச்சினை நேரம். நர்ஸுக்கும் அதுவேதானா? கிளேசர் திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னது, இந்த மனிதர்களின் முதன்மைக் கவலை என்ன, அதை அவர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதைத்தான்.

உங்கள் கோட்களைப் பாருங்கள். சம்மரி, பார்மசி, இன்சூரன்ஸ், எல்லாம் இடங்களின் பெயர்கள், பொருள்களின் பெயர்கள். நர்ஸ் செய்வது எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் "இங்கே இவர் என்ன செய்கிறார்" என்று செயலாக எழுதிப் பாருங்கள். பெயர், வார்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இரண்டு மூன்று துண்டுகளை இங்கே போட முடியுமா?

#4 குவாலிட்டி_சிஸ்டர்

நன்றி மேடம். மூன்று பேர் சொன்னதிலிருந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி, தருகிறேன்.

முதலாமவர்: "பார்மசி ரிட்டர்ன் எல்லாம் நான் ரவுண்ட்ஸுக்கு முன்னாடியே ட்ரேல எடுத்து வெச்சிருவேன். இன்னிக்கு அனுப்பிடுவார்னு நமக்குத் தெரியுமில்ல. ஆர்டர் வராம அனுப்ப முடியாது. ஆனா எடுத்து எண்ணி வெச்சிட்டா, அப்புறம் ஒரு கையெழுத்துதான்."

இரண்டாமவர்: "அட்டெண்டர்கிட்ட (நோயாளியோடு இருக்கும் உறவினர்) நான் டைமே சொல்றதில்ல மேடம். சொன்னா நான்தான் மாட்டிக்குவேன். பில்லிங்ல கேளுங்கன்னு அனுப்பிடுவேன். அங்க போவாங்க, அவங்க வார்டுல கேளுங்கன்னுவாங்க, திரும்ப என்கிட்டயே வந்து நிப்பாங்க."

மூன்றாமவர், மூத்தவர்: "சிஸ்டத்துல டிஸ்சார்ஜ்னு போட்ட உடனே கிச்சன் லிஸ்ட்ல பேர் போயிடும். சுகர் பேஷன்ட்டுக்கு மதியச் சாப்பாடு வராது. ஊசி லைனும் எடுத்தாச்சு, பெட்டியும் கட்டியாச்சு, பசியோட உக்காந்திருப்பாங்க. அதனால நான் கிச்சனுக்கு போன் போட்டு ஒரு சாப்பாடு நிறுத்தி வெச்சிருவேன். வந்தவங்கள்ல யாரு பேச்சு வீட்ல எடுபடுமோ அவரத் தனியா கூப்பிட்டு, எந்த மெயில் வரணும், எங்கேருந்து வரணும்னு சொல்லிடுவேன்."

புகார் வராதவர் இந்த மூன்றாமவர்தான். முதலாமவருக்குச் சில சமயம் வரும். இரண்டாமவருக்கு அடிக்கடி.

#5 ஓய்வுபெற்ற_ஆசிரியை

இது அருமையான தரவு. இதை வைத்துக்கொண்டு "பார்மசி தாமதம்" என்று கோட் போட்டிருக்கிறீர்களே!

ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாமவர் செய்வது: ஆணை வருமுன்பே வேலையை முடித்து வைத்தல். இரண்டாமவர்: நேரம் சொல்வதைத் தவிர்த்தல், கேள்வியை வேறிடத்துக்குத் தள்ளுதல். மூன்றாமவர்: விட்டுப்போகும் கவனிப்பை இட்டு நிரப்புதல், காத்திருப்பின் காரணத்தைத் திறந்து காட்டுதல், அதை யாரிடம் சொல்வது என்று தேர்ந்தெடுத்தல்.

மூவர் பேச்சிலும் ஓடுவது ஒரே கவலை: தன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமதம் அதன் பின்னணிதான். ஒருவர் முந்திக்கொள்கிறார், ஒருவர் ஒதுங்குகிறார், ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். இதை இப்போதே ஒரு மெமோவாக (ஆய்வாளர் தனக்குத் தோன்றியதை எழுதி வைக்கும் குறிப்பு) எழுதுங்கள். நாளைக்கு என்று வைத்தால் ஓடிவிடும்.

அந்தச் சாப்பாட்டுத் தகவலைத் தனியாகக் குறித்து வையுங்கள். கணினியில் அவர் நோயாளி இல்லை, ஆனால் கட்டிலில் இருக்கிறார். அந்தச் சில மணி நேரத்துக்கு அவருக்கு யார் பொறுப்பு?

#6 முனைவர்_பட்ட_மாணவி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் மேடம். எந்த வழியில் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டாமா? கிளேசர் வழியா, ஸ்ட்ராஸ்–கார்பின் வழியா, சார்மாஸ் வழியா? என் வழிகாட்டிக் குழுவில் முதல் கேள்வியே அதுதான்.

#7 ஓய்வுபெற்ற_ஆசிரியை

ஆய்வேட்டுக்கு வேண்டும் அம்மா. 1990இல் ஸ்ட்ராஸும் ஜூலியட் கார்பினும் படிப்படியான செய்முறையாக எழுதினார்கள். அது தரவைத் திணித்து அடைக்கிறது என்று 1992இல் கிளேசர் ஒரு மறுப்பு நூலே போட்டார். கேத்தி சார்மாஸ் 2006இல், ஆய்வாளரும் சேர்ந்துதான் கோட்பாட்டைக் கட்டுகிறார் என்றார். உங்கள் குழுவுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சிஸ்டருக்கு அது அவசரமில்லை. ஒப்பீடு, மெமோ, அடுத்து யாரிடம் போவது என்பதைத் தரவே சொல்ல விடுவது. இந்த மூன்றிலும் அவர்களுக்குள் சண்டை இல்லை.

#8 ஸ்பிரிண்ட்_லீட்

ஐடி ஆள் நான். எங்கள் துறையில் இந்த முறை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ரஷினா ஹோடா, நியூசிலாந்திலும் இந்தியாவிலுமாக 23 நிறுவனங்களில் 58 பேரிடம் பேசி, அஜைல் டீம்களை (சின்னச் சின்னக் கட்டங்களாக மென்பொருள் செய்யும் குழுக்கள்) பற்றி ஒரு கிரவுண்டட் தியரி எழுதியிருக்கிறார். டீம் தன்னைத்தானே நடத்திக்கொள்ள யார் யார் என்ன வேலையைத் தானாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆறு பங்குகளைக் காட்டுகிறார். வாடிக்கையாளரின் வியாபார மொழியை டெக்னிக்கல் மொழியாக மாற்றிக் கொடுப்பவர், மேலதிகாரிகளிடம் டீமுக்காகப் பேசி ஆதரவு வாங்குபவர், இப்படி. ஒன்றும் பதவி கிடையாது, அப்ரைசல் படிவத்திலும் இல்லை. படித்தபோது என் டீமில் இருந்த ஒரு அக்காவின் முகம் கண்முன் வந்தது. அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் கிளையன்ட் கால்கள் ஏன் இவ்வளவு நீள்கின்றன என்று எல்லாரும் கேட்டோம்.

உங்கள் மூன்றாமவர் செய்வதும் அந்த வகை வேலை என்று படுகிறது.

#9 ஓய்வுபெற்ற_ஆசிரியை

ஆமாம். ஸ்ட்ராஸ் கடைசிவரை மருத்துவமனை வேலையைத்தான் ஆராய்ந்தார். பலர் செய்யும் துண்டு வேலைகளை ஒன்றோடொன்று பொருத்தி ஓட வைக்கும் வேலையைத் தனியாகப் பிரித்துப் பேசினார். பார்மசிக்கு ஒரு செயல்முறை உண்டு, கிச்சனுக்கு ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று. மூன்றும் மோதும் இடத்தில் நிற்கும் நர்ஸுக்கு எழுதி வைத்த செயல்முறை எதுவும் இல்லை.

ஆனாலும் சிஸ்டர், யாரோ கொடுத்த பெயரை எடுத்து உங்கள் தரவின் மேல் ஒட்டிவிட வேண்டாம். 1972இல் ஓடிஸ் பிகஸ் வீடு வீடாகப் பால் போடுபவர்களைப் பற்றி எழுதியது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. வாடிக்கையாளரோடு உறவை அவர்கள் எப்படி வளர்த்துப் பேணுகிறார்கள் என்று காட்டியிருப்பார். "அந்தப் பேச்சு எடுபடுகிற ஆளைத் தனியே கூப்பிடுவது அதுதானே" என்று எனக்கே கை பரபரக்கிறது. பொருந்தினால் அது தானாக வந்து நிற்கட்டும்.

#10 பிரசவ_வார்டு

இந்த இழையை டூட்டி முடிந்து பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வார்டைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

எங்களிடம் தாயும் பிள்ளையும் கிளம்ப மத்தியானம் தாண்டிவிடும், சில நாள் சாயங்காலமே ஆகும். ஆனால் தாமதம் என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஏன் தெரியுமா? நேரம் பார்ப்பது அவர்கள்தான். ராகு காலம் கழியட்டும், எமகண்டம் முடியட்டும், பாட்டி வந்து ஆரத்திக்கு ஏற்பாடு செய்துவிட்டு போன் பண்ணட்டும் என்பார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் ஒருநாள் கூடவே இருந்துவிட்டுப் போகிறோம் என்று கேட்பவர்களும் உண்டு. பில் காலையிலேயே ரெடியாக இருக்கும். நாங்கள்தான் "கட்டில் வேணும்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்று கெஞ்சிக்கொண்டு நிற்போம்.

#11 குவாலிட்டி_சிஸ்டர்

சிஸ்டர், இதைப் படித்ததும் என் குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இன்சூரன்ஸ் இல்லாமல் கையில் பணம் கட்டுபவர்களிடமும் இப்படித்தான் இருக்கிறது. ஊரிலிருந்து தம்பி பணம் கொண்டுவர வேண்டும், நகை வைக்கப் போயிருக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் ஆகும். அங்கே நர்ஸ் மேல் கோபம் வருவதில்லை. கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸே நேராகக் கட்டும்) நோயாளிகளிடம்தான் வருகிறது.

அப்படியானால் எவ்வளவு நேரம் என்பதைவிட, அந்த நேரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் புகாரைத் தீர்மானிக்கிறதா? மூத்த சிஸ்டர் காரணத்தைத் திறந்து காட்டும்போது நேரத்தைக் குறைக்கவில்லை, அதில் கொஞ்சத்தை அவர்கள் கையில் கொடுக்கிறார். அவர்களே இன்சூரன்ஸ் ஹெல்ப்லைனுக்குப் போன் போடுகிறார்கள், யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்கிறார்கள்.

#12 லைன்_சூப்பர்வைசர்

இது எங்கள் மீன்முள் படத்தில் வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பேட்டியை மட்டும் நம்பலாமா? சிஸ்டத்தில் ஆர்டர் போட்ட நேரம், பில் மூடிய நேரம் எல்லாம் இருக்குமே. கேஷ்லெஸ் நோயாளிகளுக்கு உண்மையிலேயே நேரம் அதிகம் ஆகிறது, அதனால்தான் கோபம் என்றால்?

#13 ஓய்வுபெற்ற_ஆசிரியை

மிகச் சரியான கேள்வி. எல்லாமே தரவுதான் என்பது கிளேசரின் வாக்கு. கணினி நேரமும் தரவு, புகார்க் கடிதமும் தரவு. சிஸ்டர், ஒரே அளவு காத்திருந்த கேஷ்லெஸ் நோயாளியையும் பணம் கட்டிய நோயாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் எண்ணம் அங்கே உடைந்தால் உடையட்டும். இப்போதைக்கு அது கருதுகோள்தான்.

"எத்தனை பேட்டி போதும்" என்று அடுத்து கேட்பீர்கள். எண்ணிக்கை சொல்ல மாட்டேன். நேரம் யார் கையில் என்ற இந்தக் கருத்துக்குப் புதிய முகம் எதுவும் தராமல், வரும் சம்பவங்கள் எல்லாம் முன்பு கேட்டதாகவே இருக்கும்போது நிறுத்தலாம்.

#14 டேட்டா_தம்பி

பேட்டிகளை ரெக்கார்ட் பண்ணி, எழுத்தாக்கி, ஏஐக்குக் கொடுத்தால் நிமிடத்தில் கோட் போட்டுக் கொடுத்துவிடுமே?

#15 ஸ்பிரிண்ட்_லீட்

தம்பி, நான் என் டீமின் ரெட்ரோ (செய்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) குறிப்புகளில் செய்து பார்த்தேன். "கம்யூனிகேஷன் குறைபாடு", "வேலைப்பளு" என்று வழுவழுப்பான தலைப்புகள் வந்தன. சிஸ்டர் முதலில் போட்ட பட்டியல் மாதிரியே. அந்தக் கிச்சன் லிஸ்ட் விஷயத்தைப் படித்து நின்று யோசிக்க, வார்டில் பசியோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த ஆள் வேண்டும். அதைவிட முக்கியம், நோயாளி விவரமும் ஊழியர் பேச்சும் கலந்த பதிவை வெளி சர்வரில் ஏற்றுவது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி சம்மதமில்லாமல் இதைத் தொடவே கூடாது.

#16 ஓய்வுபெற்ற_ஆசிரியை

ரெக்கார்டர் பற்றி ஒரு வார்த்தை. கிளேசர் ஒலிப்பதிவு வேண்டாம் என்பவர், களக்குறிப்பே போதும் என்றார். கல்விப்புலத்தில் பலர் ஏற்கவில்லை. ஆனால் வேலை செய்யும் இடத்தில், அதுவும் குவாலிட்டி பிரிவிலிருந்து வருபவர் மேசையில் ரெக்கார்டரை வைத்தால், அந்த மூன்று பேச்சில் ஒன்றுகூட வந்திருக்காது.

#17 பிரசவ_வார்டு

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஆர்டர் வருமுன் மருந்தை எடுத்து வைக்கும் சிஸ்டர் நல்ல எண்ணத்தில் செய்கிறார். ரிப்போர்ட்டில் அது வந்தால் "விதிமீறல்" என்று விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பார்கள். இல்லையென்றால் எல்லாரும் செய்ய வேண்டும் என்று செக்லிஸ்ட்டில் ஏற்றி, செய்யாதவருக்கு மார்க் குறைப்பார்கள். கிச்சனுக்குப் போன் போடும் சிஸ்டருக்கும் அதே கதிதான். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பிப் பேசினவர்கள் தலையில் அது விழக்கூடாது சிஸ்டர்.

#18 குவாலிட்டி_சிஸ்டர்

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. யார் சொன்னது என்று நிர்வாகம் கேட்கும். சின்ன வார்டு, பெயர் போடாவிட்டாலும் "கிச்சனுக்குப் போன்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும்.

#19 ஓய்வுபெற்ற_ஆசிரியை

அங்கேதான் இந்த முறை கை கொடுக்கிறது. நீங்கள் கொடுக்கப்போவது யார் என்ன செய்தார் என்ற விவரம் இல்லை, பல வார்டுகளிலும் காணும் ஒரு நடைமுறையின் விளக்கம். "டிஸ்சார்ஜ் பதிவானதும் உணவுப் பட்டியலிலிருந்து பெயர் நீங்குகிறது, அந்த இடைவெளியை வார்டு சொந்த முயற்சியில் நிரப்புகிறது" என்று எழுதினால் குறை கணினி அமைப்பின் மேல் நிற்கும், சிஸ்டர் மேல் நிற்காது. எழுதியதை மேலிடத்துக்குக் கொடுக்குமுன் பேசியவர்களிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிடுங்கள், அதில் தயக்கமே கூடாது. வெளியே கட்டுரையாகப் போடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

#20 யாழ்_விரிவுரையாளர்

வணக்கம். இஞ்ச எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியளில பில் எண்ட கதையே இல்லை, வைத்தியம் இலவசம். ஆனாலும் துண்டு வெட்டின (வீட்டை போகலாம் எண்டு எழுதின) பிறகு சனம் காத்துக்கொண்டுதான் இருக்கும், டயக்னோசிஸ் கார்ட் (வருத்தமும் செய்த வைத்தியமும் எழுதிற அட்டை) எழுதி முடியும் வரைக்கும். எழுத வேண்டிய டொக்டர் வேற அவசரத்தில நிண்டா ஒண்டும் செய்யேலாது. பின்னேரம் கடைசி பஸ் போயிடும் எண்டு தூரத்தில இருந்து வந்த ஆக்கள் அந்தரப்படுவினம். அவை தாதியரோட சண்டை பிடிக்கிறது குறைவு. ஆனா கார்ட் இல்லாமலே போறவையும் இருக்கினம், அடுத்த கிளினிக்குக்கு வரேக்க ஒரு விபரமும் இராது.

காசு இல்லாத இடத்தில கோபம் புகாரா வராமல் வேற வழியால போகுது எண்டு யோசிக்கிறன். உங்கட ஒப்பீட்டுக்கு உதவுமெண்டு எழுதினன்.

#21 ஓய்வுபெற்ற_ஆசிரியை

மிகவும் உதவும் ஐயா. புகார் இல்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகாது என்பதை இது காட்டுகிறது. சிஸ்டர், புகார் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். கிளேசரும் ஸ்ட்ராஸும் 1971இல், மனிதர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குக் கடப்பதைப் பற்றியே ஒரு பொதுக் கோட்பாடு எழுதினார்கள். அந்தக் கடத்தலை யார் கட்டுப்படுத்துகிறார் என்பது அதில் முக்கியமான இழை. உங்கள் கருத்து ஓரளவு நிலைபெற்ற பிறகு அதைப் படியுங்கள், இப்போது வேண்டாம்.

#22 பில்லிங்_கவுண்டர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், இனி எழுதாமல் இருக்க முடியவில்லை. வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, ஆனால் நான் இருப்பது அதே பில்லிங் சீட்டில்.

எங்களுக்கும் நேரம் எங்கள் கையில் இல்லை. வெளியிலிருந்து வந்து பார்த்த கன்சல்டன்ட்டின் விசிட் சார்ஜ் ஏறியிருக்காது, கடைசி லேப் டெஸ்ட் நிலுவையில் இருக்கும். அவை ஏறாமல் பில்லை மூட முடியாது. பில் மூடினால்தான் இன்சூரன்ஸுக்கு அனுப்ப முடியும். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட சுற்றறிக்கைப்படி, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்து 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும், தவறினால் அதனால் ஏறும் கூடுதல் செலவு அவர்களுடையது. அட்டெண்டர்கள் போனில் இதைக் காட்டி "மூணு மணி நேரம் ஆச்சே" என்று கேட்பார்கள். அவர்கள் எண்ணுவது டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து. அந்த 3 மணி நேரம் தொடங்குவது நாங்கள் அனுப்பிய பிறகு.

வார்டிலிருந்து "ரெடியா, ரெடியா" என்று வரும் ஒவ்வொரு போனுக்கும் கையில் இருக்கும் பில்லை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறோம். அங்கே இரண்டாவது சிஸ்டர் "பில்லிங்ல கேளுங்க" என்று அனுப்பும் ஆள் வந்து நிற்பது எங்கள் முன்னால்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதைப் படித்த பிறகு சுத்தமாக இல்லை. ஆனால் இது நர்ஸ்களின் கதை மட்டும் இல்லை.

#23 குவாலிட்டி_சிஸ்டர்

சார், மிக்க நன்றி. அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதற்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். நிர்வாகத்திடம் ரிப்போர்ட்டுக்கு அவகாசம் கேட்டிருக்கிறேன். "நர்ஸ்கள் ஏன் தாமதம் செய்கிறார்கள்" என்ற தலைப்பை "டிஸ்சார்ஜ் சொன்ன பிறகு நோயாளிக்கு யார் பொறுப்பு" என்று மாற்ற அனுமதியும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். கிச்சன் லிஸ்ட்டில் பெயர் உடனே நீங்காமல், நோயாளி வார்டை விட்டுக் கிளம்பிய பிறகே நீங்கும்படி மாற்ற முடியுமா என்று ஐடி பிரிவில் தனியாகக் கேட்டுவிட்டேன். அதற்கு ரிப்போர்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை ரவுண்ட்ஸ் முடியும் நேரத்தில் எங்கள் பில்லிங் கவுண்டரில் உட்கார இன்சார்ஜ் ஒப்புக்கொண்டிருக்கிறார். கேள்வி எதுவும் கொண்டுபோகப் போவதில்லை, நோட்டு மட்டும். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். லைன் சூப்பர்வைசர் சார், கணினி நேரங்களை எடுத்தால் எப்படி ஜோடி சேர்த்துப் பார்ப்பது என்று உங்களிடம்தான் கேட்பேன்.

#24 லைன்_சூப்பர்வைசர்

அனுப்புங்கள் சிஸ்டர். ஆர்டர் போட்ட நேரம், பில் மூடிய நேரம், இன்சூரன்ஸுக்கு அனுப்பிய நேரம், வார்டை விட்ட நேரம், நான்கும் தனித்தனியாக வேண்டும். நோயாளி பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எல்லாம் நீக்கிவிட்டு, உங்கள் மேலதிகாரி சரி என்ற பிறகு அனுப்புங்கள்.